வயிறு நிறைந்த வெடைக்கோழிகள்

படப்பிடிப்புக்குக் கோழி கொண்டுபோகிறவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கோடம்பாக்கத்தில் நான் கோழி பாய், புறா பாய், அவசரமான நேரத்தில் வெறும் பாய். முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் என் சொந்தப் பெயர் எனக்கே திரும்பக் கிடைத்தது. இப்போது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் சில பேர், மந்தைவெளியில் என் மாடிப்படி ஏறி வந்து, பயப்படுகிற இளங்கோழியை எப்படிப் பழக்குவது என்று கேட்கிறீர்கள். போனில் வீடியோ வேறு பார்த்துவிட்டு வருகிறீர்கள். வீடியோவில் கோழி நேராக ஓடி வந்து மடியில் ஏறுகிறது. அதற்கு முன்னால் அது எத்தனை தடவை தப்பி ஓடியது என்பதை வெட்டி எறிந்திருப்பார்கள். நமக்குத் தெரியாதா, நாமும் சினிமாக்காரர்கள்தானே.

அனுமதி வாங்குவது, மருத்துவர் சான்றிதழ், வண்டியில் கூடையை எப்படி வைப்பது, இதையெல்லாம் நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்னால், மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் கொல்லைப்புறத்தில் நடந்தது. அன்றைக்குக் கொஞ்சம் சறுக்கியிருந்தால் ஒரு பெண்ணுக்கு முதல்முதலாகக் கிடைத்த வசனக் காட்சி என் கோழிகளால் போயிருக்கும். இப்போது நினைத்தாலும் வாயில் 'அப்பாடா' என்றுதான் வருகிறது.

கதைப்படி ஒரு அம்மா. அவளுடைய மகள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். மறுநாள் அந்த அம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்து கோழிகளைக் கூப்பிடுகிறாள். அவை வந்து காலடியில் நிற்கின்றன. மகளிடம் சொல்ல முடியாததைக் கோழிகளிடம் சொல்கிறாள். நாலே வரி வசனம்தான், ஆனால் காட்சியில் வேறு யாரும் கிடையாது.

அந்த அம்மாவாக நடிக்க வந்தவர் ஜெயமணி. மணியக்கா என்றால் துணை நடிகர்களில் தெரியாதவர்கள் இல்லை. கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், ஊர்வலத்தில், சாவு வீட்டில் என்று எல்லாப் படத்திலும் இருப்பார், எந்தப் படத்திலும் உங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார். அடையாற்றின் கரையோரக் குடிசையில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்து எல்லோரையும் கிளப்பியபோது ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். அங்கேயிருந்து இரண்டு பஸ் மாறிக் கோடம்பாக்கம் வருவார். முகம் தெரிகிற மாதிரி, பேச்சோடு, தனியாக ஒரு காட்சி அவருக்கு அதுதான் முதல்.

என்னிடம் பழகிய வெள்ளைக் கோழிகள் எப்போதும் உண்டு. விளக்கைப் போட்டாலும் அசையாது, சோபாவில் உட்கார வைத்தால் உட்காரும். ஆனால் அந்தப் படத்துக்கு வெளியூரில் ஏற்கெனவே எடுத்த காட்சிகளில் பழுப்பு நிற நாட்டுக்கோழிகள் திரிந்திருந்தன. வெள்ளைக் கோழி வந்து நின்றால் கன்டின்யூட்டி போய்விடும். அதனால் பட்டினப்பாக்கத்தில் மொட்டை மாடியில் கோழி வளர்க்கும் ஒருவரிடம், அதே நிறத்தில் நாலு வெடைக்கோழிகளைப் பிடித்தேன். இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத வயது. மனிதனின் நிழலைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

கொஞ்ச நாள் என் வீட்டு மாடியில் வைத்துப் பழக்கினேன். நம் வழக்கம்தான். காலையில் தீனி நேரத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டு, டப்பாவில் கம்புத் தானியத்தைப் போட்டுக் குலுக்குவது. முதலில் எட்டி நின்றவை, பிறகு என் கையிலிருந்தே கொத்தித் தின்றன. ஒருத்தி என் செருப்பின் மேலேயே ஏறி நின்றாள். பழகிவிட்டன என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். கோழிக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா, கம்பைப் பிடித்திருக்கிறதா என்று என் மனைவி கேட்டாள். தொழில் தெரியாதவள் பேச்சு என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

படப்பிடிப்பன்று காலையில் கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்தேன். மணியக்கா மேக்கப்பெல்லாம் போட்டு, வெளுத்த நூல் புடவையில், என் பக்கம் வந்தார். கூடைக்கு ஐந்தாறு அடி தள்ளியே நின்றார். கிட்டே வாம்மா, பசங்களைப் பார் என்றேன். வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிறாத. எனக்குக் கோழின்னா பயம்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, குஞ்சு வைத்திருந்த ஒரு கோழி பறந்து வந்து முகத்திலேயே ஏறிவிட்டதாம். அன்றிலிருந்து கோழி இருக்கிற சந்துக்குள்ளேயே போக மாட்டாராம்.

"அப்புறம் இன்னாத்துக்கு ஒத்துக்கினே?" என்று கேட்டேன்.

"பேச்சு கீற சீன் பாய். வேணாம்னு எப்படிச் சொல்றது?"

டப்பாவைக் குலுக்கினால் நாலும் ஓடி வந்துவிடும், நீ பாட்டுக்கு உட்கார்ந்திரு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியம் சொன்னேன். அவரும் நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்போது நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் நைனாதான். படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் காலை டிபன் தனக்கு இல்லை என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது. ஹீரோவுக்கும் உண்டு, விளக்கு தூக்குகிறவருக்கும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு வாட்ச்மேனுக்கும் உண்டு. அது நம் கோடம்பாக்கத்தின் மரியாதை. நைனா அந்த மரியாதையைக் கோழி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். நான் கேமராக்காரரோடு இடம் பார்க்கப் போன நேரத்தில், கூடைக்குள் நாலும் வெறும் தரையைக் கொத்துவதைப் பார்த்திருக்கிறார். மனசு கேட்கவில்லை. ஒரு இலை நிறையப் பொங்கலை உள்ளே தள்ளிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது நைனா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாய், உன் பசங்களுக்கும் போட்டாச்சு."

கூடையைப் பார்த்தேன். இலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாலு அலகிலும் நெய் மினுங்கியது. கழுத்துக்குக் கீழே தீவனப் பை புடைத்துக்கொண்டு நெஞ்சு முன்னால் தள்ளியிருந்தது. பசித்தால்தான் டப்பாச் சத்தத்துக்கு ஓடி வரும் என்று நான் வேண்டுமென்றே காலையில் தீனி போடாமல் வைத்திருந்தேன். நைனாவைத் திட்டவும் வாய் வரவில்லை. பசிக்குச் சோறு போட்டவரை என்னவென்று திட்டுவது?

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். கோழிகளைக் கொல்லையில் விட்டேன். மணியக்கா படியில் உட்கார்ந்தார். கிளாப் அடித்த சத்தத்துக்கு நாலும் கிணற்றுக்குப் பின்னால் போய்விட்டன. அவற்றைப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடி விட்டால், ஒலிக்காரர் நீளக் கழியில் முடி வைத்த மைக்கை மேலே நீட்டினார். கோழிக்குத் தலைக்கு மேலே வருவதெல்லாம் பருந்து. துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிக்கொண்டன. அதைச் சொல்லி மைக்கை எடுக்க வைத்தேன். சின்ன மைக் ஒன்றைப் புடவைக்குள் குத்திக்கொள்ளலாம் என்று ஒலிக்காரரும் தங்கமாக ஒத்துக்கொண்டார். ஆனாலும் கோழிகள் வெளியே வந்தால்தானே.

மணியக்கா வசனத்தில் உள்ளபடி 'பா... பா...' என்று கூப்பிட்டார். கையில் இருந்த கம்பு தானாகவே சிந்தியது. நான் கேமராவுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு டப்பாவைக் குலுக்கினேன். நாலும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தன. கல்யாணப் பந்தியில் மோர்ச் சாதம் முடித்துவிட்டவரிடம் இன்னொரு லட்டு நீட்டினால் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை.

உதவி இயக்குநர் ஒருவர், காலில் நூல் கட்டி இழுக்கலாமா என்றார். அதெல்லாம் முடியாது, நான் இருக்கும்வரை நடக்காது என்றேன். டைரக்டர் சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. லஞ்ச் வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா இந்த சீனையே தூக்கிடறேன். ஹீரோயின் பஸ்ல போற ஷாட்டோட முடிச்சுக்கலாம். படத்துக்கு ஒண்ணும் குறையாது."

படத்துக்குக் குறையாது. சரிதான். அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கொல்லைப்புறம் சின்னது. மணியக்காவின் காதில் விழுந்துவிட்டது.

தம்பிகளா, நம் வேலையில் கஷ்டமான இடம் இதுதான். அந்த நேரத்தில் என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் இருந்தது. 'சார், கோழி சரியாத்தான் கீது. அந்தம்மாவுக்குத்தான் கோழின்னா பயம், அதான் வர மாட்டேங்குது.' சொல்லியிருந்தால் பழி என் தலையிலிருந்து இறங்கியிருக்கும். வேறு யாரையாவது கூப்பிட்டு மறுநாள் எடுத்திருப்பார்கள், எனக்கு இன்னொரு நாள் வேலையும் கிடைத்திருக்கும். பொய்யும் இல்லை, பாதி உண்மைதான். ஆனால் அந்தப் பெண் என்னிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் எல்லாரும் கொல்லையை விட்டு வெளியே போனால் நல்லது என்று மட்டும் கேட்டேன். டைரக்டர் அதற்கு ஒத்துக்கொண்டார். விளக்குக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். கேமராவை அப்படியே விட்டுவிட்டு, கேமராக்காரர் மட்டும் அதன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மணியக்காவை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீங்கள் கவனித்திருப்பீர்கள். நிற்கச் சொன்ன இடத்தை விட்டு, போகச் சொல்லும் வரை நகர மாட்டார்கள். வெயில் ஏறினாலும் சரி, எல்லாரும் மறந்துவிட்டாலும் சரி. நகர்ந்தால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். மணியக்காவும் அந்தப் படியிலேயே இருந்தார். முட்டியைக் கட்டிக்கொண்டு, கைகளைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கோழியைப் பார்க்கக்கூட விரும்பவில்லை என்பது தெரிந்தது. முந்தானை தளர்ந்து படியிலிருந்து மண்ணில் விழுந்து கிடந்தது.

நான் கிணற்றுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, கூடையில் அடைத்துவிடலாம் என்று கோழிகள் வெளியே வரக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில், என் செருப்பில் ஏறிய அதே வெடை, துவைக்கல்லுக்கு அடியிலிருந்து கழுத்தை நீட்டியது. என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்ப்பதையும் பார்த்தது. உடனே பின்வாங்கியது. நான் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டேன். மறுபடி வெளியே வந்தது. வயிறு நிறைந்திருக்கிறது, வெயில் ஏறுகிறது, அதற்கு வேண்டியது கல்லடி நெரிசல் இல்லாத ஒரு நிழல். கல்லை விட்டால் கொல்லையில் நிழல் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று என் பக்கத்தில், கிணற்றோரம். இன்னொன்று மணியக்காவின் காலடியில்.

காலையிலிருந்து அந்தக் கோழியை முறைக்காத ஆள் அந்தக் கொல்லையில் ஒருவர்தான். பிடிக்கக் கை நீட்டாதவரும் ஒருவர்தான். பயத்தில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், ஒரு கோழிக்கு மனிதர் எப்படி இருந்தால் பிடிக்குமோ அப்படியே இருந்தார். தாழ்ந்து, அசையாமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. நான் இத்தனை காலம் டப்பாவைக் குலுக்கிச் சம்பாதித்ததெல்லாம் பசியைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பசித்த கோழி யாரிடமும் வரும், தம்பிகளா. வயிறு நிறைந்த கோழி தானாக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், அதுதான் நீங்கள் என்னிடம் கேட்ட பழக்கம்.

வெடை நாலடி நடந்தது, நின்றது, ஒரு காலைத் தூக்கி யோசித்தது. பிறகு நேராகப் படிக்குப் போய், மண்ணில் கிடந்த முந்தானையின் மேல் ஏறி நின்றது. மணியக்காவின் தோள் விறைத்தது. இப்போது அவர் ஒரு கத்து கத்தினால் எல்லாம் முடிந்தது.

எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே சுவரோடு நகர்ந்து கேமராக்காரரிடம் கை காட்டினேன். அவர் அனுபவசாலி. ஒரு வார்த்தை கேட்காமல் பொத்தானை அழுத்திவிட்டு, டைரக்டருக்குப் போனில் செய்தி தட்டினார். டைரக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒலிக்காரரோடு பின்வாசல் வழியாக வந்தார். கிளாப் கடைசியில் அடித்துக்கொள்ளலாம், ஆக்‌ஷன் சொல்ல வேண்டாம், கோழியை யாரும் நேராகப் பார்க்க வேண்டாம் என்று அவர் காதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தானே திரும்பி நின்று மானிட்டரை மட்டும் பார்த்தார்.

பிறகு மணியக்காவிடம், தரையைப் பார்த்தபடியே, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

"மணிம்மா, அது உன்னை ஒண்ணும் பண்ணாது. பயந்துக்கினுதான் உன்கிட்ட வந்து கீது. நீ அத்தப் பாக்காத. கூப்பிடவும் வேணாம். உன் பேச்சைப் பேசு."

தெருவில் ஒரு ஆட்டோ போனது. அதற்குள் மற்ற மூன்றும் கல்லுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்று போன இடத்துக்கு மற்றவை போகும், அது கோழியின் குணம். முதல் வெடை முந்தானையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, இறகை உப்பி அமர்ந்துகொண்டது.

மணியக்கா பேசினார். ஒத்திகையில் சத்தமாகச் சொன்ன வசனத்தை, பக்கத்தில் இருப்பதை எழுப்பிவிடக் கூடாது என்கிற குரலில் சொன்னார்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாமேடி. நான் இன்னா கட்டியா வச்சிருந்திருப்பேன். கதவைத் திறந்துதானேடி வச்சிருந்தேன்."

கடைசி வரி வரவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டாரா என்று இன்று வரை அவரிடம் நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக மெல்லத் தலையைத் திருப்பி, அந்த வெடையைப் பார்த்தார். பார்க்காதே என்று நான் சொன்னதை மீறித்தான் பார்த்தார். கோழி எழுந்திருக்கவில்லை. புடவைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. தொடவில்லை. பக்கத்தில் மண்ணில் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

டைரக்டர் 'கட்' சொல்லவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து உதவி இயக்குநர் மெல்ல உள்ளே வந்து, கடைசியில் அடிக்கிற கிளாப் என்பதற்கு அடையாளமாகப் பலகையைத் தலைகீழாகப் பிடித்து, சத்தமில்லாமல் மூடினார். நீங்கள் தியேட்டரில் பார்த்தது அதேதான். ஒரு இடத்திலும் வெட்டவில்லை.

ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டே. எவ்வளவு நன்றாக வந்தாலும், பத்திரத்துக்கு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். டைரக்டரும் என் பக்கம் வந்து ஒரு விரலைக் காட்டினார். அந்த ஒற்றை வரியை மட்டும் சேர்த்து இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கிசுகிசுத்தார். எடுக்க வேண்டுமென்றால் கோழியைத் தூக்க வேண்டும், திரும்பக் கல்லுக்கு அடியில் விட வேண்டும். நான் முடியாது என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் ஒரு டைரக்டரிடம் முடியாது என்று சொல்லிவிட்டுக் காரணமே சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். அவர் என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. சரி பாய், சாப்பாட்டுக்கு விட்டுடலாம் என்றார்.

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பும் வந்தது. வெளியே எல்லாரும் சத்தமில்லாமல் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். நைனா என்ன நடந்தது என்றே தெரியாமல் இலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

கூடையை எடுத்துக்கொண்டு படிக்குத் திரும்பினேன். நாலு வெடைகளும் அவரைச் சுற்றி நிழலில் அமர்ந்திருந்தன. முந்தானையில் இருந்தது கண்ணை மூடித் தூங்கிவிட்டது. மணியக்கா நெற்றியெல்லாம் வியர்த்து, மேக்கப் கரைந்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஷாட் முடிஞ்சிடுச்சிம்மா, ஓகே ஆயிடுச்சி, இனிமே நீ போலாம், நான் அத்த எடுத்துக்கறேன் என்று குனிந்தேன்.

அவர் கையை லேசாக உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"இரு பாய், தூங்கிக்கினு கீது. எனக்கு ஒரு தட்டுல போட்டு இங்கயே எடுத்தாந்துரு."